நாய்க்குக் காது நாறுதா? எண்ணெய ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை முழுக்க காதுதான். ஐப்பசி கார்த்திகை மழை வந்துட்டாலே கடலூர்லேர்ந்தும் புதுச்சேரிலேர்ந்தும் காது கேள்விங்களா வந்து குவிஞ்சிடும், ஏன்னா நம்ம ஊர் கடலோர ஊர், காத்துல எப்பவும் ஈரம், அதுல மழையும் சேர்ந்துட்டா தொங்குற காது நாய்ங்களுக்கு உள்ள காயவே காயாது. ஒரே மாதிரி இருந்த கேள்விங்கள ஒண்ணா சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

டாக்டரம்மா, எங்க லேப்ரடாருக்கு 4 வயசு. ஞாயித்துக்கிழமை ஆனா வீராம்பட்டினம் கடலுக்கு கூட்டிட்டு போவோம், தண்ணிய பாத்தா வெளிய வரவே மாட்டான். இப்ப ஒரு வாரமா தலைய தலைய ஆட்டுறான், காதுகிட்ட போனா புளிச்ச வாடை, பழுப்பு கலர்ல பிசுபிசுன்னு அழுக்கு வருது. பக்கத்து வீட்டு அக்கா தேங்கா எண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு காய்ச்சி வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடச் சொல்றாங்க. விடலாமா?
வாசகி, லாஸ்பேட்டை

விடாதீங்கம்மா. அந்த அக்கா நல்ல மனசோடதான் சொல்லிருப்பாங்க, நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு காதுவலின்னா இதைத்தானே செஞ்சோம், ஆனா நாய்க் காது வேற.

நம்ம காதுல துவாரம் கிட்டத்தட்ட நேரா போகும். நாய்க்கு அது நம்ம தமிழ் "ட" எழுத்து மாதிரி, முதல்ல நேரா கீழ எறங்கி அப்புறம் சட்டுன்னு உள்பக்கம் திரும்பும், அந்தக் கடைசியிலதான் செவிப்பறை இருக்கு. அதனால மேலேர்ந்து நீங்க எதை ஊத்துனாலும் அது எறங்கி அந்த முட்டுல போய் தேங்கி நிக்கும், தானா வெளிய வர வழி இல்ல. கடல் தண்ணியும் அப்படித்தான் தேங்குது, மேல காது மடல் மூடி போட்டிருக்கு, உள்ள சூடு, ஈரம், இருட்டு. நாய்த் தோல்ல எப்பவுமே கொஞ்சமா இருக்குற மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், இந்த மாதிரி எடம் கெடைச்சா பெருகித் தள்ளிடும். நீங்க சொல்ற புளிச்ச வாடை, பழுப்பு பிசுபிசுப்பு ரெண்டும் அதைத்தான் காட்டுது. அந்த ஈஸ்ட்டுக்கு கொழுப்புதான் தீனி, அதுங்கிட்ட போயி எண்ணெய ஊத்துனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. பூண்டு இன்னும் மோசம், வெங்காயம் பூண்டு வகை நாய் உடம்புக்குள்ள போனா ரத்தச் செவப்பணுவ உடைக்கும், காதுல விட்டது கால் வழியா வாய்க்குப் போகத்தான் போகுது. வெதுவெதுப்புன்னு நாம நெனைக்கிற எண்ணெய் ஏற்கனவே புண்ணா இருக்குற தோலுக்கு கொதிக்கிற எண்ணெய்தான்.

இப்ப என்ன செய்யணும்னு சொல்றேன். முதல்ல வெளிச்சத்துல உக்கார வெச்சு காது மடலைத் தூக்கிப் பாருங்க, ரெண்டு காதையும் பாருங்க, ஒண்ணு நல்லா இருந்தா அதை வெச்சே மத்தது எவ்வளவு மோசம்னு தெரியும். ஆரோக்கியமான காது வெளிர் ரோஸ் கலர்ல இருக்கும், லேசா மெழுகு இருக்கலாம், நாத்தம் இருக்காது. செவந்து தடிச்சு இருக்கா, ரத்தம், சீழ் இருக்கா, காது அடில விரல வெச்சு மெதுவா அமுக்கும்போது கத்துறானா, தலைய ஒரு பக்கமா சாய்ச்சே வெச்சிருக்கானான்னு பாருங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் வீட்ல எதையும் ஊத்தாம நேரா டாக்டர். ஏன்னா செவிப்பறை கிழிஞ்சிருக்கான்னு ஓட்டோஸ்கோப்னு காதுக்குள்ள பாக்குற கருவி வெச்சு பாத்தாதான் தெரியும், கிழிஞ்ச காதுல தப்பான மருந்து போச்சுன்னா நிரந்தரமா காது கேக்காம போகலாம், ஜென்டாமைசின் மாதிரி சொட்டு மருந்துக்கு அந்த ஆபத்து இருக்கு, காயத்துக்கு போடுற குளோர்ஹெக்சிடினும் நடுக்காதுக்குள்ள போனா ஆபத்துதான்.

இன்னொண்ணு, நெறைய பேர் செய்றது. டாக்டர்கிட்ட போறோமேன்னு வெக்கப்பட்டு காதை நல்லா தொடைச்சு சுத்தமா கூட்டிட்டு வருவாங்க. வேண்டாம், அழுக்கோட கூட்டிட்டு போங்க. அந்த அழுக்கத்தான் ஒரு குச்சில எடுத்து கண்ணாடித் துண்டுல தேய்ச்சு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, ஈஸ்ட்டா பாக்டீரியாவா பூச்சியான்னு அப்பதான் உறுதியா சொல்ல முடியும். பழுப்பா இருந்தா ஈஸ்ட், மஞ்சளா பச்சையா நாத்தத்தோட வந்தா பாக்டீரியான்னு ஒரு குத்துமதிப்பு சொல்லலாம், ஆனா ரெண்டும் சேந்தே இருக்குற காதுதான் அதிகமா வருது, கண்ணால பாத்து மருந்து குடுக்குறது சரி கெடையாது. பாக்காமலே ஒரு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்கன்னா, "ஸ்வாப் எடுத்து பாத்துடலாமா டாக்டர்"னு நீங்களே கேளுங்க, தப்பே இல்ல.

காது சரியானப்புறம் கடலுக்கு போகலாம், அவன் சந்தோஷத்த நிறுத்தாதீங்க. ஆனா திரும்பி வந்ததும் நல்ல தண்ணில உப்பும் மணலும் போக குளிப்பாட்டி, காதை காய வெக்கிற இயர் கிளீனர் போட்டு சுத்தம் பண்ணணும். பெட் ஷாப்ல நாய்க்குன்னே விக்கிறது, சாலிசிலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட் மாதிரி கலந்திருக்கும், எதுன்னு உங்க டாக்டர்ட்ட கேட்டு வாங்கிக்கோங்க. பாட்டில உள்ளங்கைல கொஞ்ச நேரம் பிடிச்சு குளிர்ச்சி போக விட்டுட்டு, காது மடலை மேல தூக்கிப் பிடிச்சு துவாரம் நெறையுற அளவுக்கு ஊத்துங்க, பாட்டில் மூக்கு காதுல படாம. அப்புறம் காது அடில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெச்சு அரை நிமிஷம் பிசைஞ்சு விடணும், சரியா பிசைஞ்சா உள்ள சளக் சளக்னு சத்தம் கேக்கும். காதுல அரிப்பு இருக்குற நாயா இருந்தா அப்பவே தலைய உங்க கைலயே சாய்ச்சுக்கும், பின்னங்கால் தானா காத்துல சொறியும், பாத்தாலே தெரியும் எவ்வளவு நாளா அவஸ்தைப்பட்டிருக்குன்னு. விட்டதும் தலைய உதறுவான், உதறட்டும், உள்ள இருக்குறது மேல வர்றதே அதுலதான் (நீங்க பழைய துணிய கட்டிக்கிட்டு நில்லுங்க, வீட்டுக்குள்ள வேண்டாம், வராந்தா நல்லது). வெளிய வந்ததை பஞ்சு இல்லன்னா காஸ் துணிய விரல்ல சுத்தி, விரல் தானா போற அளவுக்கு மட்டும் தொடைச்சா போதும். மருந்து சொட்டு போடணும்னா ஒரு 10 நிமிஷம் காய விட்டு போடுங்க.

பட்ஸ் வெச்சு எடுக்கலாமா? வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் யூடியூப்ல சொல்றாங்களே?
கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பட்ஸ் வேண்டாம் தம்பி. மேல சொன்ன அந்த திருப்பத்துல அழுக்க இன்னும் உள்ள தள்ளி அடைச்சிடும், நாய் திடீர்னு தலைய உதறுனா செவிப்பறைல குத்தும். மடலோட மடிப்புல கண்ணுக்கு தெரியுற அழுக்குக்கு மட்டும்னா சரி, துவாரத்துக்குள்ள கூடாது. பெராக்சைடு, ஸ்பிரிட் ரெண்டும் புண்ணுல எரியும், தோலை இன்னும் வெந்துபோக வைக்கும். வினிகர் தண்ணி கலந்து போடுற பழக்கம் இருக்கு, ஆனா செவந்த காதுல அதுவும் எரியும், ஒரு தடவை எரிஞ்சா அப்புறம் ஜென்மத்துக்கும் காதைத் தொட விடாது. மனுஷங்களுக்கு காது மெழுகு கரைக்க மெடிக்கல்ல குடுக்குற சொட்டு சிலதுல டர்பன்டைன் எண்ணெய் கலந்திருக்கு, அதையும் வாங்கி விடாதீங்க. வெத்தலைச் சாறு, வேப்பெண்ணெய், குப்பைமேனிச் சாறு விடலாமான்னு தனித்தனியா கேட்டவங்களுக்கும் இதே பதில்தான், வெளிய தோலுக்கு போடுறது வேற, செவிப்பறை எப்படி இருக்குன்னு தெரியாம உள்ள ஊத்துறது வேற.

மேடம், எங்க நாட்டு நாய்க்கு காதுக்குள்ள உண்ணி அப்பிக் கெடக்குது. கையால புடுங்கிப் புடுங்கி எடுக்குறோம், மறுநாள் பாத்தா திரும்ப இருக்கு. மண்ணெண்ணெய் தடவுனா விழுந்துடும்னு எங்க அப்பா சொல்றாரு.
வாசகர், நெல்லிக்குப்பம்

அப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க, மண்ணெண்ணெய் வேண்டாம்னு. தோலை பொசுக்கிடும், நக்குனா வயித்துக்கு போகும், மூச்சுல போனா நுரையீரலுக்கு கெடுதல்.

நம்ம பக்கத்து நாய்ங்க மேல இருக்குற அந்தப் பழுப்பு உண்ணிக்கு காது மடல், விரல் இடுக்கு ரெண்டும் ரொம்பப் பிடிச்ச எடம், தோல் மெலிசு, ரத்தம் ஈசியா கெடைக்கும். எடுக்கும்போது சின்ன இடுக்கியால தோலை ஒட்டின மாதிரி பிடிச்சு, திருகாம, நேரா மெதுவா இழுங்க. நகத்தால நசுக்காதீங்க, கையுறை இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் கவராவது கைல மாட்டிக்கோங்க, எடுத்ததை சோப்புத் தண்ணிலயோ ஸ்பிரிட்லயோ போட்டு மூடுங்க. துவாரத்துக்கு உள்ள ஆழமா இருக்குறத நீங்க நோண்ட வேண்டாம், அதை டாக்டர் எடுக்கட்டும்.

ஆனா எவ்வளவு புடுங்குனாலும் திரும்ப வர்றதுக்கு காரணம் நாய் இல்லீங்க, உங்க வீடு. வயிறு முட்ட குடிச்ச பொட்டை உண்ணி கீழ விழுந்து சுவத்து விரிசல்ல, கதவு நெலை சந்துல, நாய் படுக்குற சாக்கு அடில போய் ஆயிரக்கணக்குல முட்டை போடும். அதனால நாய்க்கு மருந்து குடுக்குற அதே நாள்ல படுக்கைய வெந்நீர்ல அலசி வெயில்ல போடணும், விரிசல பூசணும். நாய்க்கு இப்ப மாத்திரையாவே வந்துடுச்சு, அஃபாக்சோலானர் மாசத்துக்கு ஒண்ணு, ஃப்ளூரலானர் 12 வாரத்துக்கு ஒண்ணு, எடைய பாத்துதான் குடுப்பாங்க, வலிப்பு வர்ற நாய்னா அதை டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. வெலை கொஞ்சம் கூடத்தான். ஆனா உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்த அணு கொறைஞ்சு ட்ரிப்ஸ் ஏத்துற நெலைமைக்கு போனா ஆகுற செலவு அதை விட பல மடங்கு. சாப்பிடாம சோர்ந்து படுத்திருக்கா, ஈறு வெளுத்திருக்கா, மூக்குல ரத்தம் வருதான்னு பாத்துக்கிட்டே இருங்க, ஒண்ணு இருந்தாலும் ரத்தப் பரிசோதனை எடுக்காம விடாதீங்க.

எங்க தெரு நாய் ஒண்ணுக்கு காது ஓரம் புண்ணாகி புழு வெச்சிடுச்சு. ரெண்டு நாள் மழைல எங்கயோ ஒதுங்கி கெடந்துட்டு வந்துச்சு, கிட்ட போகவே முடியல அவ்வளவு நாத்தம். வீட்டு ஆளுங்க பெட்ரோல் ஊத்துன்னு ஒருத்தர், அந்துருண்டைய பொடி பண்ணி போடுன்னு ஒருத்தர். எனக்கு கை நடுங்குது.
வாசகி, கடலூர் முதுநகர்

முதல்ல உங்களுக்கு ஒரு கும்பிடு. தெரு நாய்தானேன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு போகாம நின்னு பாத்திருக்கீங்க, அதுவே பெருசு.

சின்ன காயம்தான் ஆரம்பம். சண்டைல கடி பட்டதோ, காது அரிச்சு சொறிஞ்சு ரத்தம் வந்ததோ, அதுல ஈ உக்காந்து முட்டை போட்டா ஒரு நாள்லயே புழு பொரிஞ்சிடும். சில வகை ஈயோட புழு உசுரோட இருக்குற சதையவே தின்னும், குடைஞ்சுக்கிட்டே உள்ள போகும், காதுல புகுந்தா கண்ணு, மூளை பக்கம் வரைக்கும் போக வாய்ப்பிருக்கு. நாளைக்கு பாக்கலாம்னு விடக்கூடாத விஷயம் இது. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் வந்து ஊரே தண்ணில நின்னுச்சே, அந்த மாதிரி நாட்கள்ல புண்ணு காயவே காயாது, தெரு நாய்ங்க உடம்புல சின்ன கீறல் தெரிஞ்சாலும் கவனிச்சுக்கோங்க.

பெட்ரோல், பினாயில், மண்ணெண்ணெய், அந்துருண்டை, புகையிலை எல்லாமே வெஷம். புழு செத்தாலும் அந்த நாய் படுற வேதனைய நெனைச்சு பாருங்க, தெறந்த சதைல பெட்ரோல். அந்துருண்டை ரத்தத்தை கெடுக்கும், புகையிலை நரம்பைத் தாக்கும்.

நீங்க செய்ய வேண்டியது, தனியா போகாதீங்க, தெரிஞ்ச ஒரு ஆள் கூட போங்க. சாதத்துல கொஞ்சம் மீனோ கருவாடோ கலந்து வெச்சு பக்கத்துல வர விடுங்க, கழுத்துல மெதுவா கயிறு போடுங்க, நீளமான காடாத் துணியால வாயைக் கட்டி பின்னங்கழுத்துல முடிச்சு போடுங்க, வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்குனாலோ உடனே அவுத்துடணும். கையுறை போட்டுக்கிட்டு, மேல தெரியுற புழுவ இடுக்கியால எடுக்கலாம், உப்பு கலந்து கொதிக்க வெச்சு ஆறுன தண்ணில வெளிப்புண்ணை கழுவலாம், காதுக்குள்ள அந்தத் தண்ணி போகாம. புழுப்புண்ணுக்குன்னே மெடிக்கல்ல ஸ்ப்ரே இருக்கு, அதை வெளிக்காயத்துல அடிக்கலாம், துவாரத்துல அடிக்கக்கூடாது, கண்ணுல படாம கையால மறைச்சுக்கோங்க. இது எல்லாமே டாக்டர்ட்ட போற வரைக்கும்தான். உள்ள இருக்குற புழுவ மயக்க மருந்து குடுத்துதான் முழுசா எடுக்க முடியும், ஊசி, மாத்திரையும் தேவைப்படும். ஐவர்மெக்டின் ஊசிய கடைல வாங்கி தானா போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அது வேண்டாம், அளவு மாறுனா நரம்பு பாதிக்கும், சில நாய்களுக்கு கொஞ்சம் போட்டாலே ஆபத்து. அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோல கொண்டு போங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கும் போன் பண்ணிப் பாருங்க, வண்டி முக்கியமா ஆடு மாடுகளுக்கு ஓடுறதுன்னாலும் வழி சொல்லுவாங்க. புதுச்சேரி பக்கம் இருக்குறவங்களுக்கு குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

காது மடல் திடீர்னு தடிச்சு தொங்குது, அமுக்குனா உள்ள தண்ணி இருக்குற மாதிரி இருக்கு. ஊசி வெச்சு குத்தி எடுத்துடவா?
வாசகர், அரியாங்குப்பம்

குத்தாதீங்க சார். அது தண்ணி இல்ல, ரத்தம். காது அரிச்சு ஓயாம தலைய உதறி உதறி மடலுக்குள்ள ரத்தக்குழாய் ஒடைஞ்சு தேங்குனது. வீட்ல குத்துனா கிருமி போய் சீழ் பிடிக்கும், மறுபடி ரத்தம் நெறைஞ்சிடும். இன்னும் உதறாம இருக்க மடலைத் தலையோட சேத்து மடிச்சு வெச்சு, மூச்சுக்கு எடம் விட்டு லேசா துணியால சுத்தி கூட்டிட்டு போங்க. அவங்க வடிச்சு விட்டு மருந்து போடுவாங்க, இல்லன்னா சின்னதா கீறி தையல் போடுவாங்க. அப்படியே விட்டாலும் மெதுவா வத்தும், ஆனா காது சுருங்கி உருமாறிடும், துவாரமும் குறுகலாம். மடலை மட்டும் சரி பண்ணிட்டு உள்ள இருக்குற அரிப்பை விட்டுட்டா திரும்ப இதே வரும், அதனால காதுக்குள்ள என்ன பிரச்சனைன்னு பாக்கச் சொல்லிக் கேளுங்க.

எங்க நாய்க்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை காது நோய் வந்துடுது டாக்டரம்மா. மருந்து விட்டா நாலு நாள்ல சரியாகுது, நிறுத்திடுவோம், திரும்ப ஆரம்பிக்குது. இதுக்கே எவ்வளவு காசு போச்சு. டாக்டர மாத்தணுமா, மருந்த மாத்தணுமா?
வாசகி, வில்லியனூர்

ரெண்டும் இல்லம்மா, முதல்ல நாலு நாள்ல நிறுத்துறத மாத்துங்க. நாத்தம் போறது சீக்கிரம் நடக்கும், கிருமி முழுசா போறதுக்கு ஒரு வாரம், ரெண்டு வாரம், சிலதுக்கு அதுக்கும் மேல ஆகும். பாதில நிறுத்துனா மிச்சம் இருக்குறது மருந்துக்கு பழகிடும், சூடோமோனஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அது அப்படி பழகிட்டா அப்புறம் எந்த சொட்டுக்கும் அசையாது. கோர்ஸ் முடிஞ்சதும் ஒரு தடவை திரும்பக் காட்டி மைக்ராஸ்கோப்ல சுத்தமா இருக்குன்னு பாத்துட்டுதான் நிறுத்தணும். போன தடவை மிச்சம் வெச்ச பாட்டில எடுத்து இந்த தடவை விடுறதும் வேண்டாம்.

ஆனா உங்க கடுதாசிய படிச்சப்ப எனக்கு பட்டது வேற. காதுங்குறது தோல்தான், வெளித்தோல் உள்ள போய் மடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வர்ற காது நோய்க்கு அடில ரொம்ப நேரம் அலர்ஜிதான் இருக்கும், கிருமி அதுமேல வந்து உக்காருது. கவனிச்சு பாருங்க, பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கானா, வெள்ளை முடி இருக்குற எடம் எச்சில் பட்டு செம்பட்டையா மாறியிருக்கா, அக்குள், வயிறு செவந்திருக்கா, முகத்தை தரைல தேய்க்கிறானா. ஆமான்னா டாக்டர்ட்ட "காது"ன்னு சொல்லாதீங்க, "அரிப்பு"ன்னு சொல்லுங்க, பேச்சே வேற தெசைல போகும். நடுவயசுக்கு மேல உள்ள நாய், எடையும் ஏறிட்டே போகுது, மந்தமா கெடக்குதுன்னா தைராய்டு டெஸ்ட்டும் கேளுங்க.

சாப்பாட்டு அலர்ஜியான்னு பாக்குறது வீட்லயே செய்ற வேலை, ஆனா டாக்டர்ட்ட சொல்லிட்டு செய்யணும். இதுவரைக்கும் சாப்பிடாத ஒரு கறி, அதோட ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான் 8 வாரத்துக்கு. கோழி, மாட்டுக்கறி, பால் இதெல்லாம் அடிக்கடி ஒத்துக்காத சாமான்ல வரும். எல்லா புத்தகத்துலயும் மீன் குடுன்னு இருக்கும், ஆனா நம்ம பக்கம் பொறந்ததுலேர்ந்து மத்தி தின்னு வளர்ற நாய்ங்கதானே, அதுக்கு மீன் புதுசு இல்ல, அதனால அந்த நாய் இதுவரை தொடாதது எதுன்னு யோசிச்சு எடுங்க. இந்த 8 வாரமும் பிஸ்கட், பால்சோறு, எலும்பு, குழம்பு ஊத்துன சோறு ஒண்ணும் கூடாது. பெரியவங்க யாராவது பாவம்னு ஒரு துண்டு குடுத்துட்டா மொத்தமும் வீண், அதனால பாட்டி தாத்தா கிட்ட முதல்லயே சொல்லி வெச்சிடுங்க. குட்டிக்கு, வயசான நாய்க்கு, கர்ப்பமா இருக்குறதுக்கு இந்த வீட்டுச் சாப்பாட்டு முறை ஒத்து வராது, அதுக்குன்னு தயாரிச்ச தீனி இருக்கு.

எங்க ஷிட்சு நாய்க்கு பார்லர்ல காது முடிய புடுங்குறாங்க, கத்துறா. புடுங்கணுமா?
வாசகி, ரெட்டியார்பாளையம்

காது நல்லா இருந்தா புடுங்க வேண்டாம். புடுங்குன எடம் வெந்து அதுவே நோய்க்கு வழி விடும். முடில அழுக்கு சேந்து அடைச்சிருந்தா மட்டும், அதுவும் டாக்டர் பாத்து சொன்னா.

மஞ்சக்குப்பத்துல தெருவுல கெடந்த குட்டிய எடுத்துட்டு வந்தோம், காதெல்லாம் கருப்பா உதிரி உதிரியா அழுக்கு, ராத்திரி பூரா சொறியுது. வீட்ல பூனையும் இருக்கு, இப்ப அதுவும் சொறியுது.
வாசகர், மஞ்சக்குப்பம்

காதுப் பூச்சி மாதிரிதான் தெரியுது, கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாத சின்ன சிலந்திப்பேன் வகை, குட்டிங்களுக்கு ரொம்ப வரும், ஒட்டிக்கும். முட்டைலேர்ந்து பெருசாக 3 வாரம் ஆகும், அதனால ரெண்டு நாள் மருந்து விட்டுட்டு விடக்கூடாது, வீட்ல இருக்குற எல்லா நாய், பூனைக்கும் ஒரே நேரத்துல வைத்தியம் பண்ணணும். ஒண்ணு மட்டும் முக்கியமா சொல்லிடுறேன், நாய்க்கு வாங்குன உண்ணி மருந்தை பூனைக்கு தடவாதீங்க, பெர்மெத்ரின் கலந்ததா இருந்தா பூனை செத்தே போகும். பூனைக்கு தனியா கேட்டு வாங்குங்க.

வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கினோம், அது பொறந்து 2 மாசம் ஆகுது. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. காதுல அழுக்கு அடைச்சிருக்குமோன்னு எண்ணெய் விட்டு பாத்தோம்.
வாசகர், பண்ருட்டி

இனி எண்ணெய் விடாதீங்க. குட்டிங்களுக்கு பொறந்து ஏறக்குறைய 2 வாரத்துல காது தெறந்துடும், 2 மாசக் குட்டி கேக்கணும். முழு வெள்ளை நாய்ங்கள்ல பொறவியிலேயே செவிடா இருக்குறது உண்டு, ராஜபாளையத்துலயும் அது தெரிஞ்ச விஷயம்தான். தூங்கும்போது பின்னாடி நின்னு, தரை அதிராம, காத்து படாம ஒரு சாவிக்கொத்தை குலுக்கிப் பாருங்க, காது மடல் கூட அசையலன்னா சந்தேகம்தான். அழுக்கால வந்ததா நரம்பாலயான்னு டாக்டர் பாப்பாரு. பொறவிச் செவிடுக்கு வைத்தியம் இல்ல, ஆனா திருப்பிக் குடுக்கவோ ரோட்ல விடவோ காரணம் இல்லீங்க இது. கை சைகைய அருமையா கத்துக்கும், கைய உசத்துனா உக்காரு, கைய நீட்டுனா வான்னு தீனி குடுத்து பழக்குங்க. தூங்கும்போது திடீர்னு தொடாதீங்க, பயந்து கடிச்சிடும், பக்கத்துல தரைய தட்டி எழுப்புங்க. வண்டி ஹாரன் கேக்காது, அதனால கயிறு இல்லாம வெளிய விடவே கூடாது. இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம்.

14 வயசு நாய், காலைல எந்திரிச்சதும் தலை ஒரு பக்கம் சாஞ்சு சுத்தி சுத்தி விழுறா, கண்ணு ஆடிட்டே இருக்கு. பக்கவாதமா? காது மருந்து வீட்ல இருக்கு, விடவா?
வாசகி, முத்தியால்பேட்டை

காது மருந்து ஒரு சொட்டு கூட விடாதீங்க, இன்னிக்கே டாக்டர்ட்ட காட்டுங்க. உள்காதுல நோய் போனாலும் இப்படி ஆகும், வயசான நாய்ங்களுக்கு காரணமே தெரியாம சமநிலை நரம்பு தடுமாறியும் இப்படி ஆகும். பின்னது பாக்க பயங்கரமா இருந்தாலும் ரெண்டு மூணு நாள்ல தெளிய ஆரம்பிச்சு சில வாரத்துல பெரும்பாலும் நடந்துடும், அதனால ஆளுங்க பேச்சைக் கேட்டு "முடிச்சு விட்டுடலாமா"ன்னு அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் மாடிப்படிய மறிங்க, வழுக்காத பாய் விரிங்க, தண்ணி கிண்ணத்தை வாய்கிட்ட கொண்டு போங்க.

காது வலில அழுவுறான், பாராசிட்டமால் பாதி குடுக்கலாமா?
நெறைய பேர் கேட்டது

வேண்டாம். நம்ம மாத்திரை எதுவும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாய்க்கு குடல்ல புண்ணு, கிட்னி பாதிப்பு வரைக்கும் கொண்டு போகும். பாராசிட்டமால் அளவு மீறுனா கல்லீரல் போகும், பூனைக்கு ஒரு துண்டே உசுரை எடுக்கும். நாய்க்குன்னு வலி மருந்து தனியா இருக்கு.

காதைத் தொட்டாலே கடிக்க வர்றான், நேத்து என் கைய பதம் பாத்துட்டான். வளர்த்த நாய் என்னையே கடிச்சதுல மனசே விட்டுப் போச்சு. எப்படி மருந்து விடுறது?
வாசகர், தேவனாம்பட்டினம்

மனசு விடாதீங்க தம்பி, அவன் உங்களைக் கடிக்கல, வலியத்தான் கடிச்சான். முதல்ல உங்க கைய பாருங்க. ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், இன்னும் கழுவலன்னா இப்பவாவது கழுவிட்டு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, அவனுக்கு தடுப்பூசி போட்டிருந்தாலும் போங்க, ரேபிஸ் ஊசி போடணுமா எத்தனைன்னு அவங்க முடிவு பண்ணட்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க, கட்டும் கட்டாதீங்க.

அவனுக்கு முதல் தடவை டாக்டர்ட்டயே லேசா மயக்கம் குடுத்து காதை சுத்தம் பண்ணச் சொல்லுங்க, வலி மருந்தும் கேளுங்க. அடக்கிப் பிடிச்சு நாலு பேர் சேந்து மருந்து ஊத்துனா அடுத்த தடவை எட்டு பேர் வேணும். தெனமும் விட முடியாதுன்னு வெளிப்படையா சொல்லிடுங்க, ஒரு தடவை ஆஸ்பத்திரிலயே போட்டு விட்டா பல நாள் வேலை செய்ற காது மருந்தும் இருக்கு, உங்க டாக்டர்ட்ட இருக்கான்னு விசாரிங்க. வலி கொறைஞ்சப்புறம் மெதுவா பழக்கலாம், முதல்ல பாட்டில காட்டி தீனி, அப்புறம் கழுத்தைத் தடவி தீனி, காது மடலைத் தூக்கி விட்டு தீனி, மருந்தே விடாம இதையே பல நாள் செய்ங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா அதுவரைக்கும் அவன் தலைகிட்ட போகாம பாத்துக்கோங்க, வெளையாட்டா காதைப் பிடிச்சு இழுக்குற வயசு அது.